கடமை நின்றது, கட்டு அவிழ்ந்தது: இலங்கையில் இராசகாரியமும் மூன்று அந்நிய ஆட்சிகளும்

1. பொருளும் எல்லையும்

இலங்கையின் கரையோரத்தைப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என மூவர் அடுத்தடுத்து ஆண்டனர். மூவரின் மதமும் மொழியும் வாணிக நோக்கும் வேறு வேறு. ஆனால் ஊரில் வரி கேட்டு வந்த ஆளின் பதவிப்பெயர் பெரும்பாலும் மாறவில்லை. முதலியார், ஆராச்சி, விதானை, பட்டங்கட்டி, கங்காணி ஆகியோர் அரசன் காலத்திலும் இருந்தார்கள், கம்பனி காலத்திலும் இருந்தார்கள். வென்றவர்கள் புதிய ஆட்சியைக் கட்டி எழுப்பவில்லை. இருந்த வீட்டில் குடிபுகுந்தார்கள்.

இது பலரும் சொன்ன செய்திதான். பழைய அமைப்பிலிருந்து எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. 1505-ஐ ஒட்டிப் போர்த்துக்கேயர் கரையில் கால்வைத்தபோது இங்கே இருந்தது நிலத்துக்குச் சேவை என்ற முறை. அந்தச் சேவையை மூன்று கட்டுகள் அடக்கி வைத்திருந்தன. சேவை செய்பவனுக்கு நிலம் உண்டு என்பது முதற்கட்டு. இவ்வளவுதான் கேட்கலாம் என்ற வழக்கம் இரண்டாவது. தாங்க முடியாதபோது நிலத்தை விட்டு வேறொரு தலைவனின் எல்லைக்குப் போய்விடலாம் என்ற வழி மூன்றாவது. அந்நியர் கடமையை முழுதாக எடுத்துக்கொண்டார்கள். கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். பெயர்கள் மாறாததால் இந்த அவிழ்ப்பு வெளியே தெரியாமல் நடந்தது. ஆவணங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் அளவு புலப்படுகிறது.

2. இருந்த அமைப்பு

கோட்டை என்ற சிங்கள அரசில் ஊர்கள் வகைப்பட்டிருந்தன. அரசனின் களஞ்சியத்துக்கு உரியது கபடாகம. பிரபுக்களுக்கு விடப்பட்டது நிந்தகம. விகாரைக்கு உரியது விகாரகம, தேவாலயத்துக்கு உரியது தேவாலகம. தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்திடம் இருந்த காணி பரவேணி. எந்த வகை ஊரானாலும் காணியை உண்பவன் அதற்கு ஈடாக ஏதோ ஒரு பணி செய்ய வேண்டும். ஒருவன் ஈட்டி ஏந்துவான், ஒருவன் மட்பாண்டம் தருவான், ஒருவன் துணி வெளுப்பான், ஒருவன் யானை பிடிப்பான். இந்தப் பணிகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் இராசகாரியம். குளக்கட்டைத் திருத்துவதும் பாதையைச் செப்பனிடுவதும் ஊரார் அனைவரின் பொதுக் கடமை.

இந்த முறையை நான் புகழ வரவில்லை. யார் எந்தப் பணி செய்வது என்பதைப் பிறப்பே தீர்மானித்தது. கீழ்ப்படியில் வைக்கப்பட்டவர்களின் பணி கடினமானது, இழிவோடு சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் அடிமை முறையும் வேரூன்றியிருந்தது. ஆயினும் இந்த அமைப்பில் ஒரு தளர்ச்சி இருந்தது. பணி காணியோடு ஒட்டியது, காணியை விட்டவன் பணியையும் விட்டான். அரசன் கேட்ட பொருள் பெரும்பாலும் அரசின் உள்ளேயே செலவானது. அரண்மனையும் கோயிலும் படையும் உண்டு தீர்க்கும் அளவுக்கு மேல் கேட்டு அவனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

வாணிகப் பொருளின் நிலை எப்படி இருந்தது என்பதற்கு இபின் பதூதாவின் குறிப்பு நல்ல சான்று. 1344-ல் ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்த புத்தளத்தில் அவர் இறங்கினார். ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையில் குவிந்து கிடந்ததைக் கண்டார். மாபரிலிருந்தும் மலபாரிலிருந்தும் வந்தவர்கள் அவற்றை விலையின்றி எடுத்துப்போனார்கள் என்றும், பதிலுக்கு அரசனுக்குத் துணி முதலியவற்றைக் கொடுத்தார்கள் என்றும் எழுதுகிறார். பின்னாளில் இதே மரத்தின் பட்டைக்காக மரணதண்டனை வரை போகலாம் என்று கட்டளை வந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இக்குறிப்பைப் படிக்க வேண்டும்.

3. போர்த்துக்கேயர்: வாரிசு உரிமையோடு வந்தவர்கள்

கோட்டை அரசன் தர்மபாலன் 1557-ல் கத்தோலிக்கனானான். 1580-ல் தன் அரசைப் போர்த்துக்கல் மன்னனுக்கு எழுதிக்கொடுத்தான். 1597-ல் அவன் இறந்தபோது அந்த உறுதி நடைமுறைக்கு வந்தது. போர்த்துக்கேயர் தங்கள் உரிமையை வாளின் மேல் மட்டும் நிறுத்தாமல் இந்த உறுதியின் மேலும் நிறுத்தினார்கள். அதனால் அரசனுக்கு எதெல்லாம் உரியதோ அதெல்லாம் தங்களுக்கும் உரியது என்று வாதிட முடிந்தது. படைத்தளபதி மல்வானையில் தங்கி அரசனின் இடத்தில் அமர்ந்தார். ஏழு கோறளை, நான்கு கோறளை, சபரகமுவை, மாத்தறை என்ற நான்கு திசாவைப் பிரிவுகளும் அப்படியே நின்றன. கோறளைகளுக்கு விதானைகளும் படைப்பிரிவுகளுக்கு முதலியார்களும் ஆராச்சிகளும் தொடர்ந்தார்கள்.

ஆனால் அரசனுக்கு உரியது எது என்று தெரிய வேண்டுமே. அங்குதான் தோம்பு வருகிறது. சிங்கள அரசிலேயே ஊர்வாரியாகக் காணியையும் பணியையும் குறிக்கும் லேக்கம் ஏடுகள் இருந்தன. எழுதுவோரும் இருந்தார்கள். போர்த்துக்கேயர் அந்த ஏடுகளையும் ஊர்ப்பெரியவர்களின் வாய்மொழியையும் அடிப்படையாகக்கொண்டு 1610-களில் கோட்டைப் பகுதிக்குத் தோம்பு எழுதினார்கள். யாழ்ப்பாணம் 1619-ல் வீழ்ந்த பிறகு அங்கும் எழுதினார்கள். ஊரின் பெயர், வயலின் விதைப்பாடு, தென்னை, கமுகு, பலா, குடியிருப்போர், அவர்கள் சாதி, செய்ய வேண்டிய பணி என எல்லாம் வரிசையாக ஏறின.

இதில் நடந்த மாற்றம் நுட்பமானது. முன்பு மழை பொய்த்த ஆண்டில் ஊர்த்தலைவனிடம் பேசி அளவைக் குறைத்துக்கொள்ள முடியும். அந்தப் பேச்சுக்கு இடம் தந்தது நினைவில் வாழ்ந்த வழக்கம். தோம்பில் ஏறியபின் அளவு கோவையில் உறைந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் கையில் அதிகாரம் சேர்ந்தது. மேலும் ஊர்களைப் போர்த்துக்கேயக் குடியேறிகளுக்கும் துறவற சபைகளுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். பழைய பிரபு ஊரோடு தலைமுறைக்கும் வாழ வேண்டியவன். புதியவர் சில ஆண்டுகளில் செல்வம் சேர்த்துக் கோவாவுக்குத் திரும்பும் எண்ணத்தில் இருந்தார். இரண்டாவது கட்டு தளரத் தொடங்கியது இவ்விடத்தில்தான்.

பழைய படைமுறையை எடுத்துக்கொண்டதற்கும் அவர்கள் விலை கொடுத்தார்கள். காணிக்காகப் போரிடும் உள்ளூர்ப் படையினரை லஸ்கரின் என்று அழைத்து முன்னணியில் நிறுத்தினார்கள். 1594-ல் மலைநாட்டுக் கண்டி அரசை நோக்கிப் போன படையில் இவர்கள் பெருந்தொகையாகப் பிரிந்து போனதால் தந்துரேயில் போர்த்துக்கேயப் படை அழிந்தது. 1630 ஆகஸ்டில் ரந்தெனிவெலவில் அதே கதை மீண்டும் நடந்தது. தொம் கொஸ்மோ முதலான நான்கு முதலியார்கள் தங்கள் ஆட்களோடு கண்டியின் பக்கம் மாற, தளபதி கொன்ஸ்தந்தீனோ த சா அங்கேயே மாண்டார். நால்வரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், போர்த்துக்கேயப் பெயர் தாங்கியவர்கள். இதைத் துரோகம் என்றுதான் ஐரோப்பிய ஏடுகள் எழுதின. என் பார்வையில் இது மூன்றாவது கட்டு செயற்பட்ட விதம். தலைவன் வழக்கத்தை மீறினால் அவனை விட்டுப் போகலாம் என்பது அந்த அமைப்பின் உள்விதி. விதியை அறியாமல் அமைப்பைக் கையில் எடுத்தவர்கள் அதில் அகப்பட்டார்கள்.

4. கறுவா: கடமை சரக்கான வரலாறு

இந்த ஆய்வின் மையம் கறுவா. சலாகமர் என்ற சாதியினர் தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பது அவர்களின் மரபுச்செய்தி. கறுவாப் பட்டை உரித்து அரசனுக்குத் தருவது அவர்களின் இராசகாரியம் ஆனது.

இந்தத் தொழிலை அருகில் நின்று பார்த்தால்தான் அதன் சுமை விளங்கும். மழை பெய்து மரத்தில் பால் ஏறியிருக்கும் பருவத்தில் இரண்டு மூன்று ஆண்டு வயதுள்ள கிளைகளை வெட்டுவார்கள். மேல்தோலைச் சுரண்டி எடுப்பார்கள். பித்தளைக் கோலால் கிளை முழுவதும் அழுத்தித் தேய்ப்பார்கள். அப்படித் தேய்த்தால்தான் உட்பட்டை கட்டையை விட்டு நழுவும். பிறகு சிறு கத்தியால் இரு பக்கமும் நேர்கோடாகக் கீறி, பட்டையைக் கிழியாமல் கழற்றுவார்கள். கழற்றிய பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி நீண்ட குழல்களாக்கி நிழலில் உலர்த்துவார்கள். வெயில் பட்டால் சுருண்டு வெடிக்கும், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். கை பழகுவதற்கே ஆண்டுகள் பிடிக்கும். அக்காலத்தில் கறுவா தோட்டப்பயிரும் அல்ல. ஊரை விட்டு மாதக்கணக்கில் காட்டில் தங்கி, அட்டைக்கடியும் காய்ச்சலும் பட்டு, மரத்தைத் தேடித்தேடி உரிக்க வேண்டும்.

அரசன் காலத்தில் இந்தப் பட்டைக்கு ஓர் அளவு இருந்தது. கடல் வாணிகம் போர்த்துக்கேயர் கைக்குப் போய், பிறகு லிஸ்பனில் கிடைக்கும் விலையே அளவைத் தீர்மானிக்கத் தொடங்கியதும் கேட்பதற்கு முடிவில்லாமல் போயிற்று. ஒல்லாந்தக் கம்பனி இதை இன்னும் ஒழுங்காகச் செய்தது. 1638-ல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு உடன்படிக்கை செய்து போர்த்துக்கேயரை விரட்ட உதவுகிறோம் என்று வந்தவர்கள் அவர்கள். 1640-ல் காலியையும் 1656-ல் கொழும்பையும் 1658-ல் யாழ்ப்பாணத்தையும் பிடித்துத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். கறுவாவுக்குப் பொறுப்பான மகாபத்த என்ற பழைய இலாகாவைக் கலைக்காமல் அதன் தலைமேல் ஓர் ஐரோப்பிய அதிகாரியை அமர்த்தினார்கள். கீழே விதானைகளும் துரைகளும் சலாகமர்களாகவே நீடித்தார்கள்.

சிறுவன் வேலைக்கு ஏற்ற வயதை எட்டியதும் அவன் பெயர் பதிவேட்டில் ஏறும். வயது கூடக்கூடத் தர வேண்டிய பட்டையின் எடையும் கூடும். முன்பு பணி காணியோடு ஒட்டியது என்றேன். இங்கே அது ஆளின் உடலோடு ஒட்டிவிட்டது. பிள்ளைகளை வேறு சாதிப் பெயரில் பதிந்து காப்பாற்றப் பெற்றோர் முயன்றார்கள் என்பதை விட இதற்குச் சான்று வேண்டியதில்லை. கறுவா மரத்தை அனுமதியின்றி வெட்டினாலும் பட்டையைத் திருட்டுத்தனமாக விற்றாலும் மரணதண்டனை வரை போகலாம் என்று கம்பனி கட்டளையிட்டது. சொந்தக் காணியில் முளைத்த மரத்துக்கும் இதுவே சட்டம். கறுவா நிற்கும் இடத்தில் சேனை வெட்டக் கூடாது என்ற தடை, உழவரின் நிலத்தையும் சுருக்கியது. முதற்கட்டு அவிழ்ந்த இடம் இது.

எஞ்சியது மூன்றாவது கட்டு. கண்டி அரசு தனித்து நின்றவரை உரிப்போர் மலைநாட்டு எல்லைக்குள் தப்பி ஓட முடிந்தது, ஓடவும் செய்தார்கள். 1730-களில் அவர்கள் கூட்டமாகப் பணியை நிறுத்தினார்கள். 1760-ஐ ஒட்டிக் கரையோரத்தில் எழுந்த கிளர்ச்சி கண்டிக்கும் கம்பனிக்கும் இடையே பெரும்போராக வளர்ந்து 1766 உடன்படிக்கையில் முடிந்தது. அதன்பின் ஆளுநர் ஃபால்க் 1769-ல் கொழும்பை அடுத்த மருதானையில் கறுவாவைத் தோட்டமாக நடத் தொடங்கினார். காட்டையும் கண்டி அரசனின் தயவையும் நம்பியிருக்க வேண்டாம் என்பதே நோக்கம். ஒரு பயிர் காட்டிலிருந்து வேலிக்குள் வந்ததை வேளாண்மை முன்னேற்றம் என்று எழுதுவார்கள். தொழிலாளியும் வேலிக்குள் வந்தான் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

5. யாழ்ப்பாணமும் வன்னியும்

வடக்கில் அந்நியர் எடுத்துக்கொண்ட பெரிய வாணிகம் யானை. வன்னிக் காட்டுப் பகுதியின் தலைவர்களான வன்னிமைகள் யாழ்ப்பாண அரசனுக்கு யானைகளைத் திறையாகக் கொடுத்து வந்தார்கள். போர்த்துக்கேயரும் அதையே கேட்டார்கள், ஒல்லாந்தரும் கேட்டார்கள். காட்டில் பிடித்த யானைகளை ஆழமற்ற நீரேரியைக் கடத்தி ஆனையிறவு வழியே குடாநாட்டுக்குக் கொண்டுவந்து, ஊர்காவற்றுறையில் கப்பலேற்றும் வழியும் பழையதே. வாங்க வந்த வணிகர்களும் சோழமண்டலக் கரையிலும் கோல்கொண்டாவிலும் இருந்து வந்த பழைய ஆட்களே. யானையின் உயரத்தை முழக்கணக்கில் அளந்து, கொம்பு உண்டா, உடலில் குறை உண்டா என்று பார்த்து விலை கட்டும் வழக்கத்தையும் கம்பனி அப்படியே ஏற்றது. மாறியது ஒன்றுதான். அரசனுக்குத் திறை குறைந்த ஆண்டில் அது அரசியல் பேச்சாகத் தீரும். கம்பனியின் பேரேட்டில் அது நிலுவையாக எழுதப்பட்டு ஆண்டுக்காண்டு வளர்ந்தது. வன்னிமைகளுக்கும் ஒல்லாந்தருக்கும் இடையே ஓயாமல் இருந்த பகையின் வேர் இந்த நிலுவைக் கணக்கில் இருக்கிறது.

குடாநாட்டில் வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி என்ற பிரிவுகள் தொடர்ந்தன. நிலவரி, தலைவரி, அதிகாரி வரி ஆகியவற்றோடு ஊழியமும் தொடர்ந்தது. சாயவேர் கிண்டுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் இப்போது அதைக் கம்பனிக்கே கிண்டித் தர வேண்டியிருந்தது. 1697-ல் தளபதி ஸ்வார்டெக்றூன் தமக்குப் பின் வருவோருக்காக எழுதிவைத்த நீண்ட குறிப்பில் இந்த வரிகளும் ஊழியங்களும் பதவிகளும் விரிவாக வருகின்றன. அதைப் படிப்பவருக்கு ஒரு பழைய அரசனின் கணக்குப்பிள்ளை எழுதியதோ என்ற மயக்கம் வரும். எல்லாம் உள்ளூர்ச் சொற்கள். ஆனால் இறுதித்தொகை போய்ச் சேர்வது பத்தாவியாவுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும்.

இதைவிட ஆழமாக நின்ற மாற்றம் சட்டத்தில் நடந்தது. ஆளுநர் சைமன்ஸ் கட்டளையின்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்தார். 1707 ஜனவரியில் பணி முடிந்தது. ஜான் பீரூஸ் அதைத் தமிழில் பெயர்த்தார். பன்னிரண்டு முதலியார்கள் பார்வையிட்டு, நாட்டு வழக்கம் இதுவே என்று ஒப்பினார்கள். இதுவே தேசவழமை. முதுசம், சீதனம், தேடியதேட்டம், ஒற்றி, மகவேற்பு, அடிமைகள் மீதான உரிமை என எல்லாம் அதில் எழுத்தாயின. நீதிமன்றத்தில் இருந்த ஒல்லாந்தருக்கு இதனால் வசதி கிடைத்தது. தங்கள் காணி வழக்குகள் தங்கள் முறைப்படி தீர்ந்ததில் மக்களுக்கும் ஓரளவு நன்மை உண்டு, அதை மறுக்க முடியாது.

ஆனால் ஒப்பிய பன்னிருவர் யார் என்று கேட்க வேண்டும். அவர்கள் கம்பனியின் பதவியில் இருந்த மேற்குடியினர், அடிமைகளை உடையவர்கள். கோவியர், நளவர், பள்ளர் ஆகியோரின் கடமைகளைப் பற்றி எழுதும்போது அந்த மக்களில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபட்டிருந்த வழக்கம், உடைமையாளர் சொன்ன வடிவில் நாடு முழுவதற்கும் சட்டமானது. ஆங்கிலேயர் 1806-ல் அதற்கு முழுச் சட்ட வலிமை கொடுத்தார்கள். அடிமை முறை ஒழிக்கப்பட 1844 வரை ஆயிற்று. உள்ளூர் வழக்கத்தை மதித்தோம் என்று அந்நியர் பெருமைப்பட்டுக்கொண்ட இடங்களில்தான் வழக்கத்தால் ஒடுங்கியவர்கள் மேலும் இறுகக் கட்டப்பட்டார்கள். இதை யாழ்ப்பாண வரலாறு எழுதுவோர் தயங்காமல் சொல்ல வேண்டும்.

6. மன்னார்க் கடல்

முத்துக்குளிப்பில் மூவரும் கைவைக்காமல் விட்ட நுணுக்கம் வியப்பூட்டும். பரவர், கடையர், மரக்காயர் ஆகியோரின் படகுகளும் சுழியோடிகளும் இல்லாமல் ஒரு சிப்பியும் கரையேறாது. அதனால் பரவரின் சாதித்தலைவனையும் பட்டங்கட்டிகளையும் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஏற்று நடத்தினார்கள். வரி கல்லின் கணக்கில் நின்றது. கல் என்பது சுழியோடி கடலுக்குள் விரைந்து இறங்கக் காலில் கோத்துக்கொள்ளும் எடை. ஒரு படகில் ஐந்து கல், ஒரு கல்லுக்கு இருவர் மாறிமாறி இறங்குவர். மதுரை நாயக்கருக்கும் சேதுபதிக்கும் வரியில்லாக் கற்கள் இருந்தன. ஒல்லாந்தர் அந்த உரிமையையும் மதித்தார்கள், ஏனெனில் சுழியோடிகளில் பலர் அக்கரையிலிருந்து வர வேண்டும்.

ஆங்கிலேயர் காலத்தில் அரிப்புக் கரையில் நடந்த குளிப்பில் கடல்கட்டி என்ற மந்திரவாதிக்கு அரசே கூலி கொடுத்தது. சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் அவன் குடும்பத்துக்கு உரியது என்று சுழியோடிகள் நம்பினார்கள். அவன் கரையில் நின்று மந்திரம் சொல்லாவிட்டால் ஒருவரும் நீரில் இறங்கமாட்டார்கள். ஆகவே அந்தச் செலவும் அரசுக் கணக்கில் ஏறியது. இங்கே அந்நியர் பணிந்ததற்குக் காரணம் எளியது. நிலத்தில் உழைப்பவனைத் தோம்பால் கட்டலாம். எட்டுப் பாகம் ஆழத்தில் மூச்சடக்கி நிற்பவனைக் கட்ட வழியில்லை. விலகிப் போகும் உரிமை இருந்தவரிடம் பழைய கட்டுகளும் பிழைத்தன.

7. 1797: ஒரு முறிவு தந்த சான்று

பழைய அமைப்பை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வரலாறே ஒரு சோதனையை விட்டுச் சென்றிருக்கிறது. 1796 பெப்ரவரியில் கொழும்பு ஆங்கிலக் கம்பனியிடம் விழுந்தது. நிர்வாகம் சென்னையின் கையில் வந்தது. சென்னைக்காரர்கள் முதலியார்களை ஒதுக்கிவிட்டு அங்கிருந்து அமில்தார்கள் என்ற வரி அதிகாரிகளைக் கொண்டுவந்தார்கள். சேவைக் காணி முறையை நீக்கிப் பணவரி விதித்தார்கள். தென்னை மரத்துக்கு மரம் ஒரு பணம் கேட்டார்கள்.

1797-ல் கரையோரம் கிளர்ந்தது. மக்களுக்கு இராசகாரியத்தின் மீது காதல் இருந்ததால் இது நடக்கவில்லை. தேங்காய் தின்று வாழும் ஊரில் காசு இல்லை, காசு வேண்டுமென்றால் மரத்தை விற்க வேண்டும். அமில்தாரிடம் தன் நிலையைச் சொல்ல ஊரானுக்கு வழியும் இல்லை. முதலியார்களோ தங்கள் பதவி போன கோபத்தில் மக்களின் முன்னணியில் நின்றார்கள். விசாரிக்க நியமித்த குழுவுக்கு த மொய்றோன் தலைமை தாங்கினார். மரவரியை நீக்கவும் முதலியார்களை மீண்டும் அமர்த்தவும் குழு பரிந்துரைத்தது. அமில்தார்கள் போனார்கள். பழைய சேவையும் திரும்பியது. பின்னர் ஆளுநர் நோர்த் சேவைக் காணியை ஒழிக்க மீண்டும் முயன்றார், அதுவும் நிற்கவில்லை. 1805-ல் வந்த மெயிட்லண்ட் பழைய முறைக்கே திரும்பினார். அன்றிலிருந்து ஆங்கில ஆட்சி முதலியார் குடும்பங்களோடு கைகோத்தே நடந்தது.

8. கண்டியும் தெருவும் குளமும்

1815 மார்ச்சில் கண்டிப் பிரதானிகள் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்தார்கள். நாயக்கர் வழிவந்த கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டான். பிரதானிகளின் உரிமைகளும் புத்த சமயமும் காக்கப்படும் என்று உடன்படிக்கை சொன்னது. 1817-18 கிளர்ச்சியை அடக்கியபின் அந்த உரிமைகள் குறுகின. கண்டி விழுந்ததோடு தீவில் தப்பி ஓடுவதற்கு இடமே இல்லாமல் போயிற்று. மூன்றாவது கட்டும் அறுந்தது.

அதன் விளைவை ஆளுநர் எட்வர்ட் பான்ஸின் தெருக்களில் காணலாம். 1820-களில் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பாறையைக் குடைந்து தெரு வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் இராசகாரியத்தில் அழைக்கப்பட்ட ஊரார். பழைய நாளில் ஊர்ப்பாதையைச் செப்பனிடும் கடமை இருந்தது உண்மை. ஆனால் தன் ஊரிலிருந்து நெடுந்தொலைவில், தன் வயலின் பருவத்தை விட்டுவிட்டு, படையும் பீரங்கியும் ஏறப்போகும் தெருவை வெட்டும் கடமை எந்த வழக்கத்திலும் இல்லை. கடமையின் பெயரை வைத்துக்கொண்டு அதன் அளவையும் நோக்கத்தையும் முழுதாக மாற்றிய செயல் இது. என் வாதத்துக்கு இதனினும் தெளிவான சான்றை நான் காணவில்லை.

கோல்புறூக், கமரோன் என்ற ஆணையாளர்களின் விசாரணைக்குப் பின் 1832-ல் கட்டாயச் சேவை ஒழிந்தது. கோயில் காணிகளில் மட்டும் தொடர்ந்தது. அடுத்த ஆண்டில் கறுவா ஏகபோகமும் முடிந்தது. மனிதாபிமானம் இதில் இருந்தது, கூலிக்கு ஆள் கிடைக்கும் சந்தை வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. ஆனால் சேவையோடு சேர்த்து ஊரார் கூடிக் குளம் திருத்தும் கடமையும் சட்டத்தின் பார்வையில் செத்தது. வறண்ட பிரதேசத்தில் மதகும் கட்டும் கவனிப்பாரற்றுப் போயின. அதனால் 1856-ல் ஆளுநர் வார்ட் ஒரு நீர்ப்பாசனச் சட்டம் கொண்டுவந்தார். உழவர்கள் ஊர்ச்சபையாகக் கூடிப் பழைய நீர்வழக்கங்களை ஏற்று, பங்குக்கு ஏற்ப வேலை செய்யலாம் என்றது அது. கால் நூற்றாண்டுக்கு முன் தடையுண்டதை அரசே சட்டமாக்கித் திருப்பிக் கொடுத்தது. மட்டக்களப்பு வயல்களில் இன்றும் வழங்கும் வட்டைவிதானை பதவி இந்த நீர்மரபைச் சேர்ந்தது. அந்நியர் செய்தவற்றில் இந்த ஒன்றை நான் மனமார ஏற்பேன், ஏனெனில் இங்கே கடமையோடு அதன் கட்டும் திரும்பியது. எவ்வளவு வேலை என்பதை உழவர் கூட்டமே முடிவு செய்தது.

இதற்கு நேர்மாறு 1848-ன் தெருச் சட்டம். பதினெட்டு முதல் ஐம்பத்தைந்து வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்ய வேண்டும், இல்லையேல் பணம் கட்ட வேண்டும் என்றது அது. இராசகாரியம் ஒழிந்து பதினாறே ஆண்டுகள். வேறு பல வரிகளோடு இதுவும் சேர, அவ்வாண்டு மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சித் தலைவன் பூரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான்.

9. கங்காணி

இராசகாரியத்திலிருந்து விடுபட்ட சிங்கள உழவர், மலைநாட்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்த கோப்பித் தோட்டத்து நிரந்தரக் கூலிக்குப் போகவில்லை. தனக்கென்று ஒரு துண்டு வயல் உள்ளவன் ஏன் போகவேண்டும்? தோட்டக்காரர் தமிழகத்தை நோக்கினார்கள். திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளில் பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் மக்களை நெருக்கிக்கொண்டிருந்தன. அவர்களை அழைத்து வரும் பொறுப்பு கங்காணிக்குக் கிடைத்தது. யாழ்ப்பாணத்துக் கம்பனி நிர்வாகத்தில் வேலையாட்களை மேற்பார்த்த அதே பதவிப்பெயர் மலைநாட்டில் புதுவாழ்வு பெற்றது.

கங்காணியின் வலிமை அவனது ஊரிலும் உறவிலும் இருந்தது. தன் சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் முன்பணம் கொடுத்துத் திரட்டி, இராமேசுவரம் கடந்து மன்னாரில் இறக்கி, வன்னிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடத்தி வந்தான். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் மாண்டவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள் இருந்தார்கள். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குப் பென்ஸ் காசு உண்டு. ஊரில் மூத்தவன் இளையவனைக் காப்பான் என்ற பழைய உறவின் மேல் தோட்டம் தன் ஒழுங்கை ஏற்றி வைத்தது. காக்கும் கடமை போய்க் கடன் மட்டும் மிஞ்சியது.

அந்தக் கடனின் எழுத்து வடிவம்தான் துண்டு. ஒரு கூட்டத்தின் மொத்தக் கடனைக் கட்டினால் அவர்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத்துரை எழுதித் தரும் சீட்டு அது. வேறு தோட்டக்காரர் அந்தத் தொகையைக் கொடுத்தால் ஆட்கள் அங்கே போவார்கள், கடன் அவர்களோடு கூடவே போகும். இடம் மாறும்போதெல்லாம் கங்காணி மேலும் முன்பணம் கேட்பான், அதுவும் தொழிலாளியின் கணக்கில் ஏறும். காணி இல்லை, வழக்கத்தின் அளவு இல்லை, கடன் தீராமல் வெளியேறும் வழியும் இல்லை. 1921-ல் சட்டம் துண்டு முறையை நீக்கும்வரை மலைநாட்டுத் தமிழர் இந்த நிலையிலேயே இருந்தார்கள்.